நான்கு இலக்கியங்களும் ஒரு பல்கலைக்கழகமும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒப்பிலக்கியக் கல்வி

1930ஆம் ஆண்டுக்கான கோன்கூர் பரிசு, பிரெஞ்சு இலக்கிய உலகின் தலையாய பரிசு, ‘மலேசி’ என்ற நாவலுக்குக் கிடைத்தது. எழுதியவர் ஆன்ரி ஃபொக்கோனியே. 1905இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூரில் காடு வெட்டி ரப்பர் போட்ட தோட்டத்துரை அவர். தொழில் பழகிய நாள்களிலேயே மலாயும் தமிழும் கற்றுக்கொண்டார். 1917இல் கோல சிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில் வணிக நோக்கில் செம்பனையை நட்டதும் அவர்தான். மலேசியாவின் செம்பனைத் தொழிலே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவருடைய நாவலில் பால்மரங்களும் தமிழ்த் தொழிலாளரும் மலாய்ப் பந்துன் பாட்டும் அடுத்தடுத்து வருகின்றன.

நம் பாட்டன்மார் பால்வெட்டிய மண்ணைப் பற்றிய கதை பாரிஸில் பரிசு வாங்கி 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 1931இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. ஆனாலும் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ வளரும் தமிழ் மாணவர் ஒருவர் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் இந்த நூலைச் சந்திக்க வழியே இல்லாமல் படிப்பை முடித்துவிட முடிகிறது. அதை மூலத்தில் படித்து, ஆங்கில மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டு, அதிலுள்ள பந்துனை மலாய் மரபோடும், அதன் தோட்டக் காட்சிகளைத் தமிழ் நாவல்களோடும் வைத்துப் பார்க்க நான்கு மொழிகள் வேண்டும். அவற்றில் மூன்று அந்த மாணவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. நான்காவதைக் கற்றுக்கொடுக்கும் புலமும் அவருக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் இந்த வாசிப்பு ஏன் நடப்பதில்லை என்பதே இங்கு ஆராய வேண்டிய கேள்வி.

துறைகள் வந்த வழி

மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அங்கே 1956இல் இந்திய ஆய்வியல் துறை உருவானது. அத்துறையில் சமஸ்கிருதத்துக்கு முதலிடமா, தமிழுக்கா என்ற விவாதம் எழுந்தபோது, ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதி இயக்கத்தை நடத்தினார். தோட்டத் தொழிலாளரும் நகரத்துக் கூலிகளும் கொடுத்த சிறு தொகைகளும் அதில் சேர்ந்தன. பல்கலைக்கழக வாசலை மிதித்தறியாத மக்கள் பல்கலைக்கழகத் தமிழுக்காகக் கொடுத்த பணம் அது. தமிழ் நிலைபெற்றது. பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர்ப் பிரிவு 1962 ஜனவரியில் தனிப் பல்கலைக்கழகமானது.

தற்செயலாக அதே 1956இல்தான் கல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் புத்ததேவ போஸ் ஒப்பிலக்கியத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் ஒப்பிலக்கியத்துக்கென்றே அமைந்த முதல் துறை அது. ஒரு மொழியை மட்டும் படித்து இந்திய இலக்கியத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது அத்துறையின் அடிப்படை. மலாயாவுக்கு அதே வாதம் இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். ஆயினும் இங்கே துறைகள் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக வளர்ந்தன.

இன்றைய அமைப்பைப் பாருங்கள். இந்திய ஆய்வியல் துறையும் சீன ஆய்வியல் துறையும் ஆங்கிலத் துறையும் கலை, சமூக அறிவியல் புலத்தில் இருக்கின்றன. மலாய்க்குத் தனியே ஒரு கல்விக்கழகம். 1972இல் மொழி மையமாகத் தொடங்கி 1996இல் புலமாக உயர்ந்த மொழி, மொழியியல் புலத்தில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், இத்தாலியம், ஜப்பானியம், அரபு முதலியவற்றோடு தமிழும் பட்டப்படிப்பாக இருக்கிறது. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகமும் அயல்மொழிப் பட்டங்கள் தருகிறது. பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கிய அறிஞர் முகமட் ஹாஜி சாலே நெடுங்காலம் பணியாற்றினார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று வந்த கவிஞர் அவர், 1991இல் தேசிய இலக்கியவாணர் விருது பெற்றார். ஆக, மொழிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் இங்கே குறைவிருந்ததில்லை. ஒரு மொழியின் மாணவர் மற்றொரு மொழியின் வகுப்பில் இலக்கியம் படிக்கும் வழக்கம்தான் வேரூன்றவில்லை.

தனிநாயகம் அடிகள் செய்து காட்டியது

வேரூன்றியிருக்கலாம் என்பதற்குச் சான்று 1960களில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் 1913இல் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகள் 1961இல் இந்திய ஆய்வியல் துறைத் தலைவராகக் கோலாலம்பூருக்கு வந்தார். ரோமில் சமயக் கல்வி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் தமிழும், லண்டனில் முனைவர் பட்டம் என்று அவருடைய படிப்பே பல நாடுகளைக் கடந்தது. லத்தீன், இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துகீசியம் உள்ளிட்ட மொழிகளை அறிந்தவர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய பேராசிரியர் பதவியேற்பு உரையின் பொருள், இந்தியச் சிந்தனையும் ரோமானிய ஸ்டோயிக் தத்துவமும். உலகைத் தன் ஊராகக் கொண்ட ரோமானியச் சிந்தனையாளரையும், அதே எண்ணத்தைப் புறநானூற்றில் பாடிய கணியன் பூங்குன்றனாரையும் ஒரே மேசையில் வைத்துப் பேசக்கூடிய தமிழ்ப் பேராசிரியர் அன்று கோலாலம்பூரில் இருந்தார்.

அயல்மொழிப் படிப்பு தமிழுக்கு என்ன கொடுக்கும் என்பதற்கு அவருடைய இன்னொரு பணி நேரடி விடை. அந்தாம் தெ புரோவென்சா என்ற போர்த்துகீசியப் பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துகீசிய அகராதி 1679இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சானது. அதன் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. தனிநாயகம் அடிகள் அதைத் தேடிக் கண்டு, 1966இல் கோலாலம்பூரிலிருந்து ஒளிப்படப் பதிப்பாக வெளியிட்டார். பதினேழாம் நூற்றாண்டில் மக்கள் வாயில் புழங்கிய தமிழ் எப்படியிருந்தது என்பதை அறிய விரும்புகிறவருக்கு அது ஒரு புதையல். அதைத் திறக்கும் சாவியோ போர்த்துகீசியம். அந்த மொழி தெரிந்த தமிழறிஞர் ஒருவர் ஐரோப்பிய நூலகங்களுக்குள் போயிராவிட்டால் அந்த நூல் இன்னும் எத்தனை காலம் அங்கே கிடந்திருக்குமோ!

1964 ஜனவரியில் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தொடங்க முன்னின்றவரும் அவரே. அதன் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடியது. பல நாட்டு அறிஞர்கள் தமிழை உலக மொழிகளில் ஒன்றாக வைத்து ஆராய்ந்த அந்த மாநாடு, பிறகு சென்னை, பாரிஸ், யாழ்ப்பாணம் என்று பயணம் செய்து 1987இலும் 2015இலும் கோலாலம்பூருக்கே திரும்பி வந்தது.

இராமன் கதை மலாயில் பேசும்போது

தனிநாயகம் காலத்துத் துறையில் வளர்ந்த இன்னொரு நல்ல மரபு பேராசிரியர் ச. சிங்காரவேலுவின் பணி. இராமன் கதையின் சமஸ்கிருத, தமிழ், தாய்லாந்து, மலாய் வடிவங்களை ஒப்பிட்டு அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1968இல் சியாம் சங்கத்தின் ஆய்விதழில் வெளியானது. தென்கிழக்காசிய இராமாயண மரபு பற்றிய அவருடைய ஆங்கில நூலை மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2004இல் வெளியிட்டது.

அந்த ஒப்பீட்டில் என்ன கிடைக்கும் என்பதை ஒரு காட்சியில் காணலாம். மலாய் மொழியின் ‘ஹிகாயத் செரி ராமா’வில் இராவணன் செரண்டிப் தீவுக்கு நாடுகடத்தப்படுகிறான். அங்கே தலைகீழாகத் தொங்கித் தவம் செய்கிறான். அவனைக் கண்டு இரங்குகிறவர் நபி ஆதாம். அவர் வழியாக அல்லாவிடமிருந்து இராவணனுக்கு ஆட்சி வரம் கிடைக்கிறது, நீதி தவறக்கூடாது என்ற நிபந்தனையோடு. கம்பன் படித்தவர் முதலில் திகைப்பார். பிறகு கவனிப்பார்: வரமும் தவமும் அப்படியே இருக்கின்றன, வரம் தருகிறவர் மட்டும் மாறியிருக்கிறார். இஸ்லாத்துக்கு மாறிய ஒரு சமூகம் தனக்குப் பிடித்த பழங்கதையை விட்டுவிடாமல், புதிய நம்பிக்கைக்குள் அதற்கு இடம் செய்து கொடுத்த விதம் அந்த ஒரு காட்சியில் தெரிகிறது. இக்கதையின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளுள் ஒன்று 1630களிலேயே ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தைச் சேர்ந்துவிட்டது.

கம்பனும் வால்மீகியிடமிருந்து இப்படித்தான் விலகினான். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனில் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துச் செல்கிறான். கம்பனை வால்மீகி, ஹோமர், மில்டன் ஆகியோரோடு வைத்து வ.வே.சு. ஐயர் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு தமிழ் ஒப்பிலக்கியத்தின் முன்னோடி நூல்களில் ஒன்று. மலேசிய மாணவருக்கு அந்த வரிசையில் ஐந்தாவதாக மலாய் ஹிகாயத்தையும் சேர்க்கும் வாய்ப்பு இருக்கிறது.

மலாய்–தமிழ் உறவுக்கு இன்னொரு பெரிய பெயர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்த, தமிழும் அராபியமும் கலந்த குடும்பத்தவர். நவீன மலாய் உரைநடையின் தந்தை என்று பள்ளிப் பாடநூல் சொல்லும். அவர் 1835இல் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாய்க்கு மொழிபெயர்த்தார். மலாய்த் துறை மாணவருக்கு அப்துல்லாவைத் தெரியும், தமிழ்த் துறை மாணவருக்குப் பஞ்சதந்திரத்தைத் தெரியும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அந்த மொழிபெயர்ப்பை ஆராய முடியும்.

பந்துனும் உள்ளுறையும்

இலக்கிய வடிவங்களுக்கு வருவோம். பந்துன் நான்கடிப் பாட்டு. முதல் இரண்டடியில் ஒரு வெளிக்காட்சி வரும்: ஆற்றில் மிதக்கும் பழம், வேலியில் உட்கார்ந்த பறவை. அடுத்த இரண்டடியில் பாடுகிறவர் சொல்லவந்த செய்தி வரும். முன்பாதியை மலாய் மரபு நிழல் என்றும் பின்பாதியைக் கருத்து என்றும் பிரிக்கிறது. முதலும் மூன்றும், இரண்டும் நான்கும் இயைபுபெறும். நிழலுக்கும் கருத்துக்கும் பொருளுறவு உண்டா, ஓசையுறவு மட்டும்தானா என்று அறிஞர்கள் நூறாண்டுக்கு மேல் விவாதித்திருக்கிறார்கள்.

குறுந்தொகை படித்த மாணவருக்கு உடனே உள்ளுறை உவமம் நினைவுக்கு வரும். அகப்பாட்டிலும் மரம், பறவை, அலை என்று வெளியே காட்டி உள்ளே மனத்தைச் சொல்வதுதான் முறை. ஒற்றுமையோடு நிறுத்திவிட்டால் ஆய்வு பாதியில் நின்றுவிடும். தமிழில் கருப்பொருள் திணைக்குக் கட்டுப்பட்டது. குறிஞ்சியின் பறவைக்கும் நெய்தலின் பறவைக்கும் வெவ்வேறு வேலை, அந்த விதியைக் கேட்கிறவரும் அறிந்திருக்க வேண்டும். பந்துன் திருமண வீட்டிலும் படகிலும் எதிரெதிர் நின்று உடனுக்குடன் பாடப்பட்டது. அங்கே காட்சியைத் தேர்ந்தெடுப்பதில் கண்ணுக்கு முன்னால் இருப்பதும் நாவில் வரும் இயைபும் பெரும்பங்கு வகிக்கின்றன. ஒன்று புலவர் மரபின் ஒழுங்கு, மற்றது மக்கள் வாய்மொழியின் விரைவு. சங்கப் பாட்டின் இயற்கையைப் பற்றி நூலே எழுதிய தனிநாயகம் அடிகள் வாழ்ந்த ஊரிலேயே இந்த ஒப்பீட்டை விரித்து எழுதப் பொருள் காத்திருக்கிறது.

இதில் பிரெஞ்சுக்கும் பங்கு உண்டு. மலாய் மொழி இலக்கணம் எழுதிய வில்லியம் மார்ஸ்டன் காட்டிய பந்துன், 1829இல் விக்தோர் யூகோவின் கவிதை நூல் ஒன்றின் குறிப்புகளில் பிரெஞ்சாக்கம் பெற்றது. அதிலிருந்து அடிகள் மீண்டும் மீண்டும் வரும் ஒரு புதுப் பாவடிவம் பிரான்சில் பிறந்தது. கவிஞர் பொதலேர் 1857இல் அதைக் கையாண்டார். ஃபொக்கோனியே தன் நாவலில் பந்துனைப் பதித்தபோது அந்த வடிவம் ஒரு சுற்றுச் சுற்றி வீடு திரும்பியது. 2020இல் யுனெஸ்கோ பந்துனை மானுடத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது.

ஒரே ரயில்பாதை, பல நாவல்கள்

பியேர் பூல் என்ற பிரெஞ்சுக்காரரும் 1930களில் மலாயாவின் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவர் 1952இல் எழுதிய நாவல்தான் ‘குவாய் நதிப் பாலம்’. 1957இல் டேவிட் லீனின் திரைப்படமாகி உலகமே பார்த்தது. அந்தக் கதையின் களமான, 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில்பாதையை ஜப்பானியர் 1942–43இல் போட்டார்கள். நேசநாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் அதில் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர் அவர்களைப் போல் பல மடங்கு. அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர். 1943இன் காலராவில் கூடாரம் கூடாரமாக மடிந்தவர்களும் அவர்களே. பூலின் கதை பிரிட்டிஷ் அதிகாரியின் கௌரவத்தைச் சுற்றிச் சுழல்கிறது. தோட்டத்துத் தமிழரோடு பழகிய எழுத்தாளரின் நூலில் அந்தத் தமிழருக்கு இடமில்லாமல் போனது.

அந்த இடத்தை நிரப்பியவை தமிழ் நாவல்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல் வந்தது, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ 2005இல் வந்தது. ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் ஃபிளானகன் தம் நாட்டுக் கைதிகளை மையமாக வைத்து எழுதிய நாவல் 2014இல் புக்கர் பரிசு பெற்றது. பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்தால், ஒரே பாதையில் யார் கண்ணுக்கு யார் தெரிந்தார்கள், யார் தெரியவில்லை என்பது விளங்கும். வரலாற்றுப் புத்தகம் எண்ணிக்கை தரும். இந்த விளக்கத்தை இலக்கிய ஒப்பீடுதான் தரும்.

கெடாவிலும் இப்படி ஓர் இணை உண்டு. ஷாநோன் அகமட்டின் மலாய் நாவல் ‘ரஞ்சாவ் செப்பாஞ்சாங் ஜாலான்’ 1966இல் நெல்வயல் குடும்பத்தின் துயரைச் சொன்னது. பீடோங்கில் பிறந்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த கே.எஸ். மணியத்தின் ஆங்கில நாவல் ‘தி ரிட்டர்ன்’ 1981இல் அதே மாநிலத்தில் மண்ணுக்காக ஏங்கும் இந்தியக் குடும்பத்தைச் சொன்னது. ஜொகூரின் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்து தைவானில் குடியேறிய இங் கிம் சியூ சீன மொழியில் எழுதும் கதைகளிலும் அதே பால்மரங்கள் நிற்கின்றன. சீனப் பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் இன்று பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நினைத்தால் அந்தக் கதவும் திறக்கும்.

தடைகள் எங்கே?

முதல் தடை கொள்கையில் இருக்கிறது. 1971இன் தேசியப் பண்பாட்டுக் காங்கிரசுக்குப் பின், மலாயில் எழுதப்படுவதே தேசிய இலக்கியம், தமிழிலும் சீனத்திலும் எழுதப்படுபவை அந்தந்த இனத்துக்குரியவை என்ற வகைப்பாடு நிலைத்தது. 1981இல் தொடங்கிய தேசிய இலக்கியவாணர் விருதும் மலாய் எழுத்துக்கே உரியது. அந்த வகைப்பாடு பாடத்திட்டத்திலும் மாணவர் மனத்திலும் இறங்கியிருக்கிறது.

இரண்டாவது, நம் பக்கத்துக் குறை. தமிழில் ஒப்பியல் ஆய்வுக்கு நல்ல நூல்கள் இருக்கின்றன. க. கைலாசபதியின் ‘ஒப்பியல் இலக்கியம்’ 1969இல் வந்தது. சங்க வீரப்பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ் மரபுகளோடு ஒப்பிட்ட அவருடைய ஆங்கில நூல் அதற்கு முந்திய ஆண்டு வந்தது. தமிழண்ணலும் வை. சச்சிதானந்தனும் அறிமுக நூல்கள் எழுதினார்கள். ஆனால் மாணவர் ஆய்வேடுகளில் பெரும்பாலும் இரு பெருங்கவிஞர்களை எடுத்து, ஒருவரை மொழிபெயர்ப்பில் படித்து, ஒத்த கருத்துகளைப் பட்டியலிடுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. இரு நூல்களும் மூலமொழியில் படிக்கப்படாத ஒப்பீடு கருத்தைத் தொடும், மொழியைத் தொடாது.

மூன்றாவது, பிழைப்பு. கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ஏறி, பிரிக்பீல்ட்சை ஒட்டிய கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி.க்கு மாறி, யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கும் பிள்ளையிடம் வீடு கேட்கும் கேள்வி, “இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?” நியாயமான கேள்வி. தோட்டத்தை விட்டு நகருக்கு வந்த முதல் தலைமுறைக்குப் பட்டம் என்பது வருமானம்.

அதற்கு நேர்மையான விடை இதுதான்: ஒப்பிலக்கியம் மட்டும் சோறு போடாது, அதற்காகக் கற்கும் அயல்மொழி போடும். பன்னாட்டு நிறுவனங்களின் சேவை மையங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஜப்பானியம், கொரியம், பிரெஞ்சு, ஜெர்மன் தெரிந்தவர்களைத் தேடுகின்றன. 1982இல் அறிவிக்கப்பட்ட கிழக்கை நோக்கும் கொள்கையின் பயனாக, ஜப்பானுக்குப் போகும் மாணவர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழக வளாகத்திலேயே ஆயத்த வகுப்புகள் தொடங்கின. நீதிமன்ற மொழிபெயர்ப்பு, ஊடகம், பதிப்பு, ஆசிரியப் பணி ஆகியவையும் உண்டு. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வாடிக்கையாளரோடு பேசும் அளவு மொழியறிவு நாவல் படிக்கப் போதாது. ஐரோப்பிய அளவுகோலில் பி2 நிலையையாவது எட்டினால்தான் இலக்கியம் வசப்படத் தொடங்கும். அதற்கு ஆண்டுக்கணக்கில் உழைப்பு வேண்டும், அரைகுறையாக விட்டால் இரண்டுமில்லை.

செய்யக்கூடியவை

புதிய துறை தொடங்கப் பணமும் ஆண்டுகளும் ஆகும். இருக்கிற துறைகள் கதவைத் திறக்க அவ்வளவு ஆகாது. இந்திய ஆய்வியல், மலாய், ஆங்கிலத் துறைகள் மூன்றும் சேர்ந்து ஒரே ஒரு பருவப் பாடம் நடத்தலாம். ரயில்பாதை நாவல்களோ, இராமன் கதையின் வடிவங்களோ, பந்துனும் அகப்பாட்டுமோ, எதை எடுத்தாலும் ஒரு பருவத்துக்குப் போதுமான சரக்கு இருக்கிறது. இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு வேறு துறையிலிருந்து இரண்டாம் மேற்பார்வையாளரை அனுமதிக்கலாம்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, தேசிய இடைநிலைப் பள்ளியில் மலாய், எஸ்.பி.எம்.மில் தமிழும் தமிழ் இலக்கியமும், பிறகு எஸ்.டி.பி.எம்., மூவெட் ஆங்கிலத் தேர்வு என்று வருகிற மாணவர் மூன்று மொழிகளில் தேர்வெழுதிய பிறகே பல்கலைக்கழகத்துக்குள் நுழைகிறார். மற்ற நாட்டு ஒப்பிலக்கிய மாணவர் பலர் முதுகலையில் எட்ட முயலும் தகுதி அது. அதைத் தகுதி என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. தமிழ்ப் பட்டம் எடுக்கும் மாணவரே, விருப்பப் பாடமாக ஓர் அயல்மொழியை முதலாண்டிலேயே எடுங்கள், மூன்றாண்டும் விடாமல் தொடருங்கள். பிரெஞ்சோ ஜப்பானியமோ படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளே, தமிழ் நாவல்களையும் மலாய் நாவல்களையும் கையில் வைத்திருங்கள். ‘மலேசி’ தமிழ் வாசகர் கைக்கு வந்து சேர வேண்டும். அதைப் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழாக்கும் வேலையை இந்தப் பள்ளத்தாக்கின் மாணவர் ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும். துறைகளும் தமிழ் அமைப்புகளும் அதற்குத் துணை நிற்கட்டும்.